ஊராட்சிக் குப்பைத் திட்டத்துக்கு எந்த நிதியில் எவ்வளவு கேட்கலாம்? (கள்ளக்குறிச்சி மாவட்டம்)

ஏரிக்கரையான் (கேள்வி, 2025 அக்டோபர்)

வணக்கம். எங்களுடையது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. தாய்க்கிராமம் ஒன்று, குக்கிராமம் இரண்டு, எல்லாம் சேர்த்து 4,200 பேர், 1,100 வீடு இருக்கும். குப்பை எல்லாம் ஏரி மதகுக்குப் பக்கத்தில்தான் போய் விழுகிறது. கோழிக்கடை இறகு, கல்யாண மண்டபத்து இலை, சாராயக்கடை பிளாஸ்டிக் டம்ளர், நாப்கின், பழைய துணி, என்ன வேண்டுமானாலும் அங்கே பார்க்கலாம். ராத்திரியில் யாராவது தீ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், விடிய விடியப் புகையும். மழைக்காலத்தில் அதே குப்பை மதகில் அடைத்துக்கொண்டு, ஆயக்கட்டுக்காரர்கள் கடப்பாரையோடு வந்து இறங்கி எடுத்தால்தான் தண்ணீர் போகும்.

இளைஞர் மன்றத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று உட்கார்ந்தோம். மன்றத்தில் ஒரு நண்பன் இணையத்தில் தேடி ரூ.38 லட்சத்துக்கு ஒரு திட்ட அறிக்கையே எழுதிவிட்டான். தரம் பிரிக்கும் கொட்டகை, பிளாஸ்டிக் துண்டாக்கும் இயந்திரம், தினம் 2 டன் சாப்பிடும் சாண எரிவாயுக் கலன், மூன்று பேட்டரி வண்டி, எல்லாம் அதில் உண்டு. மத்திய அரசு 50 சதவீதம் தரும் என்றும் எழுதியிருக்கிறான். அதை எடுத்துக்கொண்டு ஊராட்சி செயலரிடம் போனால் அட்டையைக்கூடத் திறக்கவில்லை, "நிதி இல்லை தம்பி" என்று முடித்துவிட்டார். தலைவர் நல்ல மனுஷர்தான், ஆனால் "ஒன்றியத்தில் கேட்டுட்டு வாங்க" என்கிறார். ஒன்றியத்தில் "ஊராட்சித் தீர்மானம் கொண்டுவாங்க" என்கிறார்கள்.

என் கேள்வி நேரடியானது. இதற்கென்று உண்மையிலேயே பணம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எந்தத் தலைப்பில், எங்கள் ஊருக்கு எவ்வளவு? மன்றத்தின் பேரில் நாங்களே விண்ணப்பிக்க முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஓவர்சியர்

தம்பி, பணம் இருக்கிறது. ஆனால் 38 லட்சம் இல்லை. நண்பர் எழுதியிருக்கும் 50 சதவீதம் நகரப் பக்கத்துக் கணக்கு, தூய்மை பாரத இயக்கம் நகர்ப்புறம் 2.0 என்பதில் ஒரு லட்சம் பேருக்குக் கீழே உள்ள நகர அமைப்புகளுக்கு, அதாவது பேரூராட்சி, சின்ன நகராட்சி போன்றவற்றுக்கு, திடக்கழிவுத் திட்டத்தில் மத்தியப் பங்கு அது. ஊராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பேரூராட்சியையும் ஊராட்சியையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிற அறிக்கையை முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள், செயலர் திறக்காததில் ஆச்சரியம் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது தூய்மை பாரத இயக்கம் (ஊரகம்) இரண்டாம் கட்டம். 2020-21இல் தொடங்கியது. அதில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் திடக்கழிவுக்குத் தலைக்கு ரூ.60 வரை, வீட்டுக் கழிவுநீருக்குத் தலைக்கு ரூ.280 வரை. 5,000-க்கு மேல் போனால் திடக்கழிவுக்கு ரூ.45, கழிவுநீருக்கு ரூ.660. உங்கள் 4,200 பேருக்குத் திடக்கழிவுக் கணக்கில் ரூ.2,52,000 வரும். அவ்வளவுதான். இதில் இன்னொன்றையும் பாருங்கள், 4,900 பேர் உள்ள ஊருக்கு ரூ.2,94,000 கிடைக்கும்போது 5,200 பேர் உள்ள ஊருக்கு ரூ.2,34,000தான் வரும். ஊர் பெருத்தால் குப்பைக் காசு குறைகிறது! விதி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். விதிமுறையில் உள்ள கணக்கு கிராமவாரியானது, ஊராட்சிவாரியானது இல்லை. உங்கள் குக்கிராமங்கள் தனி வருவாய்க் கிராமமாக இருந்தால் தனியாகப் பிரித்துப் போடுவார்கள், தலைக்கு அறுபதுதான் என்பதால் உங்கள் மொத்தத்தில் மாற்றம் வராது.

அந்த இரண்டரை லட்சமும் வெளியிலிருந்து வருகிற பணமா என்றால் அதுவும் இல்லை. 30 சதவீதத்தை ஊராட்சியே தனக்கு மத்திய அரசிடமிருந்து வருகிற 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். அதாவது ரூ.75,600 ஊராட்சியுடையது, மீதி ரூ.1,76,400தான் இயக்கத்திலிருந்து வருவது. அந்த மீதியை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. கழிவுநீருக்கு உங்கள் ஊர்க் கணக்கு ரூ.11,76,000 வரை போகும், அது உறிஞ்சுகுழி, வாய்க்கால் வேலை. தலைப்பு வேறு, ஆனால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், யாரும் கேட்பதில்லை.

இப்போது நிதிக்குழு மானியத்துக்கு வருகிறேன், உண்மையான பணம் இங்கேதான் இருக்கிறது. 2021-22 முதல் இந்த மானியத்தில் 60 சதவீதம் 'டைடு', அதாவது சொன்ன வேலைக்கு மட்டும். அதில் பாதி, மொத்தத்தில் 30 சதவீதம், சுகாதாரத்துக்கு. குப்பை மேலாண்மை இதற்குள்தான் வருகிறது. இன்னொரு 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு வகைக்கு. ஊராட்சிக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சம் சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கியாக வேண்டிய பணம். 'நிதி இல்லை' என்று செயலர் சொன்னால் அது பாதி உண்மை, அந்த மூன்று லட்சம் ஏற்கெனவே வேறு எதற்கோ எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் பெரும்பாலும் அர்த்தம். கழிவறைப் பராமரிப்பு, சாக்கடை தூர் வாரியது என்று போயிருக்கும். தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் எங்கே போனது என்று நீங்களே பார்க்கலாம். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருடம் தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவும் திறக்கும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் செயலரிடம் போங்கள், பேச்சின் தொனியே மாறும்.

மன்றத்தின் பேரில் விண்ணப்பிக்க முடியாது. இது ஊராட்சிக்கான பணம். கிராமசபைத் தீர்மானம், ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலையின் பெயர், ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று இந்த வரிசையில்தான் போகும். அக்டோபர் சபை முடிந்துவிட்டது, அடுத்தது நவம்பர் 1 உள்ளாட்சி தினம். அதற்கு முன்னாலேயே கூட்டப்பொருளில் ஏறும்படி தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 15ஆவது நிதிக்குழுவுக்கு 2025-26தான் கடைசி வருடம், அதையும் மனதில் வையுங்கள்.

மலர்_ஈரோடு

ஓவர்சியர் ஐயா சொன்ன கணக்கு சரி. நான் ஈரோடு மாவட்டத்தில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன், 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களுக்கும் இதே கதைதான், இப்போது தனி அலுவலர்தான் எல்லாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் விடக் கூடாது என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு 2021 அக்டோபரில்தானே தேர்தல் நடந்தது, அந்த ஒன்பது மாவட்டத்தில் நீங்களும் உண்டு. அதனால் உங்களுக்குத் தலைவர் இன்னும் இருக்கிறார். இந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வாங்குவதற்குப் பணம் கேட்கிறீர்கள், நடத்துவதற்குப் பணம் எங்கே?

எங்கள் ஊராட்சிக்கு இரண்டு பேட்டரி வண்டி வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படமெல்லாம் எடுத்தோம். முதல் வருடம் அருமையாக ஓடியது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட வேண்டும், ஊராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், கிளார்க் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போய்விடுவார். அரைச் சார்ஜில் ஓட்டி ஓட்டி பேட்டரி உப்பிப் போனது. புதுசு போட ஒரு வண்டிக்கே பல ஆயிரம் ரூபாய், ஊராட்சிப் பொது நிதியில் எடுக்கலாம் என்றால் அதில் மின்கட்டண பாக்கி நிற்கிறது. கடைசியில் ஒரு வண்டி கொட்டகைக்குள் நின்றது, அதன் மேல் கோழி அடைகாத்தது. இன்னொன்றைத் தூய்மைக் காவலர் பெண்கள் இரண்டு பேர் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள், காலியாக இருந்தாலே அது தள்ளுவண்டியைவிடக் கனம். "பழைய மூணு சக்கர வண்டியையே குடுத்துடுங்க மேடம்" என்றார்கள்.

உங்கள் ஊரில் 1,100 வீட்டுக்கு 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஏழு தூய்மைக் காவலர் இருக்க வேண்டும். எத்தனை பேர் நிஜமாக வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். மாதம் ரூ.5,000 மதிப்பூதியம். அந்தக் காசுக்குக் காலையில் வீடுவீடாக வாங்கி, மத்தியானம் கொட்டகையில் உட்கார்ந்து பிரித்து, சாயங்காலம் உரக்குழிக்குத் தண்ணீர் தெளித்து, நீங்கள் நினைக்கிற எல்லாவற்றையும் அவர்களே செய்ய வேண்டும் என்றால் நடக்காது. நிதிக்குழுவின் 'அன்டைடு' பங்கில், அதாவது இந்த வேலைக்கென்று கட்டிப்போடாத மீதி 40 சதவீதத்தில், சம்பளம், நிர்வாகச் செலவு எடுக்கவே கூடாது. கையுறை, பூட்ஸ், சோப்பு, பேட்டரி, வண்டி பஞ்சர், லாரி வாடகை இதெல்லாம் பெரும்பாலும் ஊராட்சியின் சொந்த வருமானத்தின் தலையில்தான் விழும். எஸ்டிமேட்டில் இதற்கு ஒரு வரியும் இருக்காது.

அதனால் மூன்று பேட்டரி வண்டி என்பதை ஒன்றாக்குங்கள். குக்கிராமத்துக்கு மட்டும் அது. தாய்க்கிராமத்தின் சின்னச் சந்துகளுக்குத் தள்ளுவண்டியே போதும்.

தனிவழி_2020

எதற்கு இவ்வளவு அலைச்சல்? தீர்மானம், எஸ்டிமேட், பிடிஓ கையெழுத்து என்று ஓடினால் உங்கள் மன்றத்துப் பையன்களுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்துவிடுவான். கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கொட்டிக் கிடக்கிறது. சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்தே ஆக வேண்டும். நல்ல பிரசன்டேஷன் ஒன்று தயார் செய்து நாலு கம்பெனிக்கு மெயில் போடுங்கள். அரசை நம்பினால் ஆகாது.

பழைய_ஓவர்சியர்

தனிவழி அவர்களே, அலைச்சல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிஎஸ்ஆர் அலைச்சல் இல்லாத வழி இல்லை. நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிதான் இதற்குள் வரும். அவர்கள் பணத்தை நேராக ஒரு இளைஞர் மன்றத்தின் கையில் கொடுக்க முடியாது. வாங்குகிற அமைப்பு முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் இருக்க வேண்டும், மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவும் வேண்டும். கம்பெனிகள் தங்கள் ஆலை இருக்கிற வட்டாரத்துக்குத்தான் முதலில் பார்ப்பார்கள், சட்டத்திலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து ஊருக்குக் கிடைப்பது இவர் ஊருக்குக் கிடைக்க வேண்டும் என்றில்லை. அப்படியே கிடைத்தாலும் கொட்டகை கட்டப்போகிற நிலம் ஊராட்சியுடையதுதானே, மறுபடி அதே தீர்மானத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் சர்க்கரை ஆலை, பெரிய ரைஸ்மில் ஏதாவது இருந்தால் மொத்தத் திட்டத்தையும் கேட்காதீர்கள். எடை மெஷின், கையுறை, இரும்புக் கூண்டு என்று சின்னதாகப் பொருளாகவே கேளுங்கள். பொருளாகக் கொடுப்பதென்றால் பலர் யோசிக்க மாட்டார்கள்.

நமக்கு நாமே திட்டத்தையும் மறக்க வேண்டாம். ஊர் மக்கள் பங்களிப்பாக ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு போடும். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புகிற பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடிந்தால் ஒரு கொட்டகை எழும்பிவிடும்.

பேரீச்சம்பழம்

பேர் பார்த்தே புரிந்திருக்கும், காயலான்கடைக்காரன் நான். விழுப்புரம் பக்கம். நிதி விஷயம் எனக்குத் தெரியாது, குப்பை தெரியும்.

அந்தத் துண்டாக்கும் இயந்திரத்தை அறிக்கையிலிருந்து முதலில் எடுங்கள். ஒரு ஊராட்சிக் குப்பைக்கு அது வேலையே இல்லாமல் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் யூனிட் ஒன்றியத்துக்கு ஒன்று என்று அரசே வைத்திருக்கிறது, நீங்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். (அதற்கு ஒன்றியத்துக்கு ரூ.16 லட்சம் வரை என்று மேலே எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.) உங்கள் ஒன்றியத்தில் அந்த யூனிட் ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓடவில்லை என்றால் நேராக எங்களை மாதிரி ஆட்களிடம் பேசுங்கள்.

விலை போகிறது எது, போகாதது எது என்று சொல்கிறேன். பெட் பாட்டில் போகும். அட்டைப்பெட்டி போகும், நனையாமல் இருந்தால். கெட்டி பிளாஸ்டிக், அதாவது குடம், பக்கெட், எண்ணெய் கேன், நன்றாகப் போகும். பால் கவர் போகும், ஆனால் கழுவியிருக்க வேண்டும். கழுவாத பால் கவர் இரண்டு நாளில் புழுத்து நாறும், அதை எவனும் கையால் தொட மாட்டான். தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடியில் போட்டுக் கொடுத்தால் அதே கவருக்கு விலையே வேறு. இரும்பு, அலுமினியம் உங்கள் குப்பைக்கு வராது, அதையெல்லாம் எங்கள் ஆள் சைக்கிளில் வந்து வீட்டு வாசலிலேயே வாங்கிவிடுவான்.

போகாதது சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், குர்குரே கவர் வகையறா. உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் எல்லாமும். சாராயக்கடை டம்ளரும் ஒன்றுக்கும் ஆகாது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் வந்த மாவட்டங்களில் கண்ணாடி பாட்டில் ஏரிக்கரையில் கிடப்பது குறையும், டம்ளர் குறையாது. இந்த விலை போகாத சரக்கை அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் எரிக்க எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் லாரி வாடகை யார் தலையில் என்பதுதான் கேள்வி, ஒரு ஊராட்சியால் ஒரு லாரி நிரப்பவே முடியாது. நாலைந்து ஊராட்சி சேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்து அனுப்பினால்தான் கட்டும்.

அப்புறம் அந்த 2 டன் எரிவாயு. தம்பி, கிராமத்தில் சோற்றுத் தண்ணீரும் காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போகும், மீந்தது கோழிக்கு. நீங்கள் நினைக்கிற அளவு மக்கும் குப்பை தெருவுக்கே வராது. எடை போட்டுப் பார்க்காமல் டன் கணக்கு எழுதக் கூடாது. ஒரு மாதம், வேண்டாம், இரண்டு வாரம் தினமும் வண்டியை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். மண்டபத்தில் முகூர்த்தம் உள்ள நாளையும் இல்லாத நாளையும் தனியாகக் குறியுங்கள்.

ஏரிக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. இ-கிராம் ஸ்வராஜில் பார்த்தேன். ஓவர்சியர் ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது. போன வருடம் சுகாதாரத் தலைப்பில் கால்வாய் தூர் வாரியது, கழிவறை பழுது, ப்ளீச்சிங் பவுடர் என்று இருக்கிறது. கொஞ்சம் செலவாகாமலும் நிற்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போனதும் செயலர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், டீயும் வந்தது. நவம்பர் 1 சபையில் வைக்கத் தலைவர் ஒத்துக்கொண்டார்.

இப்போது இடம்தான் பிரச்சினை. மதகுக்கு அந்தப் பக்கம் பத்து சென்ட் போலப் புறம்போக்கு சும்மா கிடக்கிறது, இப்போது குப்பை கொட்டுகிற இடத்தை ஒட்டி. அங்கேயே கொட்டகை போட்டுவிடலாம் என்று தலைவர் சொல்கிறார். சரியா?

மலர் அக்காவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். நடத்துகிற செலவுக்கு வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் வாங்கலாமா? 1,100 வீட்டில் பத்துக்கு ஆறு பேர் கொடுத்தாலே கிட்டத்தட்ட 20 ஆயிரம் வருகிறது.

பழைய_ஓவர்சியர்

அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள். மதகுக்குப் பக்கம் என்றால் அது ஏரிப் புறம்போக்காகத்தான் இருக்கும், நீர்நிலையில் கட்டினால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு யாராவது உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள், கட்டினதை இடிக்க வேண்டிவரும். மேய்க்கால் என்றாலும் வகை மாற்றம் செய்ய மாவட்ட ஆட்சியர் வரைக்கும் போகும், உங்கள் காலத்துக்குள் முடியாது. விஏஓவிடம் அடங்கலும் புல வரைபடமும் வாங்கி, ஆட்சேபணையற்ற புறம்போக்கு எது, ஊராட்சி பெயரிலேயே இருக்கிற நிலம் எது என்று பாருங்கள். நான் சர்வீசில் இருந்தபோது திருப்பி அனுப்பின எஸ்டிமேட்டில் முக்கால்வாசி நிலச் சான்று இல்லாததால்தான். கொட்டகைக்கு ஐந்து சென்ட் போதும், லாரி வந்து திரும்ப வேண்டும், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும், காற்று ஊர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. மயானத்தை ஒட்டி இடம் இருந்தால் அங்கே போடச் சொல்வார்கள். பெண்கள்தான் நாள் முழுக்க அங்கே உட்காரப் போகிறார்கள், அவர்களைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கொட்டகையின் கூலிப் பகுதியை நூறு நாள் வேலையில் சேர்க்க முடியுமா என்று ஒன்றியத்தில் கேளுங்கள். உறிஞ்சுகுழியும் அதில் வரும். அப்படிச் செய்தால் இரண்டரை லட்சத்தில் வண்டிக்கும் தொட்டிக்கும் காசு மிஞ்சும்.

எரிவாயுக் கலன் வேண்டவே வேண்டாம். சாண எரிவாயுவுக்கான கோபர்தன் திட்டத்தில் ஒரு மாவட்டத்துக்கே மொத்தம் ரூ.50 லட்சம்தான் ஒதுக்கீட்டு வரம்பு. ஒரு ஊராட்சிக்கு மட்டும் பெரிய கலன் கேட்டால் கோப்பு நகராது.

முப்பது ரூபாய் நல்ல யோசனை. இதே நவம்பர் 1 சபையிலேயே கட்டணத் தீர்மானத்தையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பணம் வருகிற வழி தெரிந்தால் ஒன்றியத்தில் உங்கள் திட்டத்தைப் பார்க்கிற கண்ணே வேறாக இருக்கும்.

மலர்_ஈரோடு

இதில் ஐயாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முதல் நாளே வீட்டுக்கு முப்பது ரூபாய் என்று சபையில் வைத்தால் கொட்டகைத் தீர்மானமும் சேர்ந்து கவிழும். வீட்டு வரி கட்டவே சனங்கள் தலைவர் முகத்தைப் பார்த்து யோசிக்கிறார்கள். குப்பை எடுப்பதைக் கண்ணால் பார்க்கட்டும், வாசலில் வண்டி தினமும் ஒரே நேரத்துக்கு வரட்டும், அப்புறம் கேட்டால் கொடுப்பார்கள். அதுவரைக்கும் மண்டபம், கோழிக்கடை, ஹோட்டல், பேக்கரி, தனியார் பள்ளி என்று மொத்தமாகக் குப்பை போடுகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். மண்டபத்துக்கு ஒரு முகூர்த்தத்துக்கு இவ்வளவு என்று. அவர்களுக்கு அது பெரிய காசு இல்லை, வாழை இலையைத் தூக்கிப் போட ஆள் கிடைக்காமல் அவர்களே தவிக்கிறார்கள்.

கோழிக்கடைக் கழிவை மட்டும் உரக்குழிக்கு வாங்காதீர்கள். நாய் மொத்தமும் கொட்டகைக்கு வந்துவிடும், தூய்மைக் காவலர்கள் அடுத்த நாளே வேலைக்கு வர மாட்டார்கள். கடைக்காரரே தனியாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பழைய_ஓவர்சியர்

மண்டபத்துக் காசு வைகாசி, ஆவணியில் வரும், ஆடியிலும் மார்கழியிலும் வண்டிக்குக் காற்று அடிக்கக்கூட இருக்காது அம்மா. எப்படியும் வீடுகளுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் சபையில் தீர்மானம் கவிழும் என்று நீங்கள் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். தம்பிக்குத் தன் ஊர் நாடி தெரியும், அவரே முடிவு செய்யட்டும்.

ஏரிக்கரையான்

நிலம் கிடைத்துவிட்டது மாதிரிதான். பழைய ஊராட்சிக் கிணற்றுப் பக்கம் ஊராட்சி பெயரிலேயே ஆறு சென்ட் இருக்கிறது, விஏஓ உறுதி செய்தார். தண்ணீரும் உண்டு. தூய்மைக் காவலர் அக்காக்களைக் கூட்டிப்போய்க் காட்டினோம், ஒரு வேப்பமரம் நிற்கிறது, அதை வெட்டக் கூடாது என்றார்கள், ஒரு கழிவறையும் கேட்டார்கள். இரண்டையும் எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். கட்டணத்தை முதல் சபையில் வைக்கவில்லை, மண்டபத்துக்காரரிடம் மட்டும் பேசியிருக்கிறோம், சரி என்றார்.

நண்பனின் 38 லட்சத்தை அவனே ரூ.4 லட்சத்துக்குள் கொண்டுவந்திருக்கிறான். கொட்டகை, நாலு உரத்தொட்டி, ஒரு பேட்டரி வண்டி, தனி மின் இணைப்பு. இதில் எதையாவது விட்டிருக்கிறோமா?

பேரீச்சம்பழம்

எடை மெஷின். நூறு கிலோ பிளாட்பாரம் தராசு ஒன்று போதும். அது இல்லாமல் சரக்கைக் கொடுத்தால் வருகிற வியாபாரி சொல்வதுதான் எடை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அட்டைக்கும் பால் கவருக்கும் மழை படாமல் தனித்தனி கம்பிவலைத் தடுப்பு வையுங்கள், கதவுக்குப் பூட்டும் வேண்டும், ராத்திரியில் நல்ல சரக்கை மட்டும் எடுத்துப்போக ஆள் வருவான். சரக்கு ஒரு டெம்போ அளவு சேர்ந்ததும் சொல்லுங்கள், நான் தூரம், உங்கள் பக்கத்தில் எங்கள் ஆள் இருக்கிறார், அனுப்பிவைக்கிறேன்.